கோன் நூலும் குருத்தணுவும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் எங்கள் வீதியில் தறிச் சத்தம் அடங்கியிருக்கும். பல்லடத்தில் குரலை உயர்த்தாமல் உட்கார்ந்து பேசக் கிடைக்கிற நேரம் அது. போன ஞாயிறு, என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் படித்த தம்பி ஒருவர், மனைவியையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பதினாறு தறி போட்டு, கூலிக்குக் காடா துணி ஓட்டுகிறார். பையனுக்கு ஆட்டிசம். மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம்.

"ஏனுங் டீச்சர், இதைச் சித்த படிச்சுப் பாருங்க" என்று வழுவழுப்பான தாள் ஒன்றை நீட்டினார். ஸ்டெம் செல் சிகிச்சை. ஆட்டிசம், பக்கவாதம், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. "பக்கவிளைவு இல்லை" என்பது சிவப்பு எழுத்தில். மூன்று முறை ஊசி போட வேண்டுமாம். நாலு தறியை விற்க விலை பேசிவிட்டதாகச் சொன்னார்.

நான் டீ போடப் போனேன். அடுப்படியில் நிற்கும்போதே முடிவு செய்துகொண்டேன். 'போகாதே' என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பக் கூடாது. அப்படிச் சொன்னால் டீச்சருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்லிவிடலாம்.

"தம்பி, மில்லுல இருந்து நாப்பதாம் நம்பர் கோன் வருது. அதை வெச்சு என்னென்ன ஓட்டலாம்?"

"வேட்டி ஓட்டலாம், லுங்கி ஓட்டலாம், கர்ச்சீப்புத் துணி ஓட்டலாம்ங்க."

"அதுல இரும்புக் கம்பி வலை பின்ன முடியுமா?"

சிரித்தார். "பஞ்சு நூலுங்க அது."

உடம்பிலும் அப்படித்தான். கருவின் முதல் சில நாட்களில் இருக்கிற செல்கள் பஞ்சு மாதிரி. அவற்றிலிருந்து மூளையும் வரும், தோலும் வரும், இதயமும் வரும். நாள் ஆக ஆக அவை நூலாகிவிடுகின்றன. நம் இடுப்பெலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையின் ஸ்டெம் செல், இரத்தத்துக்கென்றே நூற்ற நூல். அதிலிருந்து சிவப்பணு வரும், வெள்ளையணு வரும், இரத்தம் உறையவைக்கிற தட்டணு வரும். மூளை நரம்பு வராது. நூலுக்கு இல்லாத ஒரு குணம் மட்டும் அதற்கு உண்டு: ஓட ஓடக் கோன் தீராது, தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும். தமிழில் இதைக் குருத்தணு என்று எழுதுகிறார்கள். நல்ல சொல். தென்னைக்கு ஒரே குருத்துதான்; எத்தனை மட்டை விழுந்தாலும் குருத்து இருக்கிறவரை மரம் இருக்கும், காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்றுவிட்டால் மரம் போச்சு. தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் பிறந்த தம்பியின் மனைவி இதைக் கேட்டதும் தலையை ஆட்டினாள்.

1961-ல் கனடாவின் டொராண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜையை அழித்து, வேறு எலியின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். எலியின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் முளைத்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளம்பியது என்று பின்னால் நிறுவினார்கள். இரத்தத்துக்கு ஒரு குருத்து உண்டு என்பதற்கு முதல் தெளிவான சாட்சி அதுதான். மனிதர்களுக்கு மஜ்ஜை மாற்றும் முயற்சியை அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1957-லேயே தொடங்கியிருந்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஒவ்வொரு தோல்வியையும் எழுதி வைத்து, ஏன் என்று தேடி, முப்பது வருடத்துக்கு மேல் கழித்து 1990-ல் நோபல் பரிசு வாங்கினார். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. 1986-ல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. திருப்பூரில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிற எத்தனையோ குடும்பங்கள் அதற்காகப் போயிருக்கின்றன.

"அப்ப ஸ்டெம் செல் நெசந்தானுங்க?" என்றார் தம்பி, கண்ணில் வெளிச்சத்தோடு.

நிஜம்தான். இதை மறைத்துவிட்டு மேலே பேச எனக்கு மனசு வரவில்லை. ஊர் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று சொல்வது முழுக்க ஸ்டெம் செல் சிகிச்சைதான். இரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கும், தலசீமியாவுக்கும், மஜ்ஜையே வறண்டுபோகிற நோய்க்கும் அது உயிர் கொடுக்கிறது.

ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். "பாவுல பிசிறு வந்திருச்சு, எழை எழையா அறுந்துக்கிட்டே இருக்குதுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அந்தப் பாவையே எறக்கிப்போட்டு வேற பாவு ஏத்தி, எழைக்கு எழை பிணைக்கணும்ங்க" என்றார். அதேதான். கடுமையான மருந்து கொடுத்து நோயாளியின் பழைய மஜ்ஜையை வேரோடு அழிக்கிறார்கள். பிறகு கொடையாளியின் செல்களை, இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அவை தாமாக எலும்புக்குள் இடம் தேடிப் போய்க் குடியேற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் நோயாளியின் உடம்பில் எதிர்ப்பு சக்தி என்று ஏதும் இருக்காது. சாதாரணப் பூஞ்சைகூடக் கொல்லும். குடியேறிய பிறகு இன்னொரு ஆபத்து: புது இரத்தத்தின் வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாகப் பார்த்துத் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். அழிக்கிற மருந்தால் பின்னாளில் குழந்தைப்பேறு இல்லாமல் போகலாம்.

எங்கள் பள்ளியில் படித்த இரண்டு பேரைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். ஒரு பெண்ணுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்புச்சத்தும் சேர்ந்து ஈரலிலும் இதயத்திலும் படியும். அதை இறக்கத் தினமும் மாத்திரை. அண்ணனின் மஜ்ஜை பொருந்தியது. கூடப் பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், அவளுக்கு அது வாய்த்தது. இன்றைக்குத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். இன்னொருவன் பையன். இரத்தப் புற்றுநோய் ஒருமுறை குணமாகித் திரும்ப வந்தது. அக்காவின் செல்களை ஏற்றினார்கள். நாற்பது நாள் நன்றாக இருந்தான். பிறகு நுரையீரலில் தொற்று. காப்பாற்ற முடியவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவன் அப்பா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டாக்டர் மொதல்லயே உக்கார வெச்சுச் சொன்னாருங்க. நூத்துல இத்தன பேரு பொழைக்கறாங்க, இத்தன பேரு இதுலயே போயிர்றாங்க, பண்ணாம உட்டா இப்படி ஆகும்னு எல்லாம் எழுதியே காட்டுனாருங்க. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டனுங்க."

அந்த டாக்டர் எழுதிக்காட்டிய தாளையும் தம்பி கொண்டுவந்த தாளையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் இறந்தவர்களின் எண்ணிக்கை இருந்தது. மற்றதில் பக்கவிளைவு இல்லை என்று இருந்தது. உடம்புக்குள் உயிருள்ள செல்லைச் செலுத்தும் எந்தச் சிகிச்சைக்கும் இந்த இரண்டாவது வரியை எழுத முடியாது.

இரத்தத்துக்கு அடுத்தபடி நம்பிச் சொல்லக்கூடிய இன்னொன்று கண். கருவிழியின் ஓரத்தில் ஒரு வளையம் போல ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிப்பது அவைதான். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ கண்ணில் தெறித்தால் அந்த வளையம் வெந்து, கண் வெள்ளையாகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட குழந்தைகள் நம் நாட்டில் நிறைய. சாயப்பட்டறையும் ப்ளீச்சிங்கும் நடக்கிற நம் வட்டாரத்துக்கு இந்த ஆபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில், கெடாத கண்ணின் ஓரத்திலிருந்து துணுக்கு எடுத்து வளர்த்துக் கெட்ட கண்ணில் வைக்கும் சிகிச்சையை 2001-லிருந்து செய்கிறார்கள். பார்வை திரும்பியவர்கள் பலர். இங்கேயும் அதே கணக்குதான். கண்ணின் மேல்தோலுக்கென்று நூற்ற நூல், கண்ணின் மேல்தோலுக்கே போகிறது. (தெறித்தவுடனே கண்ணைத் திறந்து பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முதல் நிமிடங்கள் எந்தச் சிகிச்சையையும்விடப் பெரியவை.)

டீ ஆறிவிட்டது. தம்பியின் மனைவி எழுந்து உள்ளே போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். பையன் திண்ணை ஓரத்தில் என் செருப்பு, அப்பா செருப்பு, அம்மா செருப்பு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ற பையனுக்கு ஏனுங் ஆகாது?" என்றார் தம்பி. கோபம் இருந்தது குரலில். இருக்க வேண்டியதுதான்.

ஆட்டிசத்தில் ஏதோ ஒரு வகைச் செல் செத்துப்போய் அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. மூளை கருப்பையிலிருந்தே வேறு விதமாகப் பின்னிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. இடுப்பெலும்பில் எடுத்த மஜ்ஜையை முதுகுத்தண்டில் ஊசி வழியாக ஏற்றினால், இரத்தத்துக்கென்று நூற்ற அந்த நூல் மூளைக்குள் போய் என்ன நெய்யும்? நரம்பாக மாறுவதில்லை. கை நரம்பில் ஏற்றுகிற செல்களிலும் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன. செல்கள் சுரக்கும் பொருள்கள் மூளையின் அழற்சியைத் தணிக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. அது நேர்மையான யோசனை. அதனால்தான் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்குத் தொப்புள்கொடி இரத்தச் செல்கள், சிலருக்கு மருந்து போலத் தோன்றும் வெறும் திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. 2020-ல் முடிவு வந்தது. பிறரோடு பழகும் திறனில் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

"ஊசி போட்டு ஆறு மாசத்துல பேசுனான்னு வீடியோ காட்டறாங்களே?" என்றாள் அந்தப் பெண்.

"கண்ணு, போன வருஷம் இதே மாசம் இவன் என்னென்ன பண்ணுவான்?"

யோசித்தாள். தட்டை நகர்த்திக்காட்டிச் சோறு கேட்கமாட்டான், இப்போது கேட்கிறான். பேரைச் சொன்னால் திரும்பமாட்டான், இப்போது பாதி நேரம் திரும்புகிறான். "இதுக்கு நடுவுல ஊசி போட்டிருந்தா, ஊசியாலதான்னு நீயே வீடியோவுல சொல்லியிருப்ப" என்றேன். குழந்தை வளர்கிறது. பயிற்சியால் மாறுகிறது. அந்த மாற்றத்தை ஊசிக்காரர் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். பெற்றவர்கள் பொய் சொல்வதில்லை, நம்பிச் சொல்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வு இல்லாமல் இதைப் பிரித்தறிய யாராலும் முடியாது.

நம் அரசும் இதில் பேசாமல் இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் சிகிச்சையும் என்று இருந்தது. 2013-ல் புதுப்பித்தபோது 'சிகிச்சை' என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பலன் நிரூபணமாகாததைச் சிகிச்சை என்று அழைக்கக் கூடாது என்பதற்காகவே எடுத்தார்கள். 2017-ல் வந்த நெறிமுறையும் இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவதைத் தவிர மற்றவற்றை ஆய்வு நிலையில்தான் வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று சொன்னது.

"பலிக்காட்டிப் போகுது, காசுதானுங்க போகும். கெடுதல் ஒண்ணும் இல்லைல்லங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஏமாற்றத்தோடு நின்றுவிடுவதில்லை அது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015-ல், வயதானதால் பார்வை மங்கிய மூன்று பெண்கள், 72 முதல் 88 வயது வரை, ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அவர்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த ஸ்டெம் செல் என்று சொல்லி ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். கட்டணம் 5000 டாலர். வரும்போது ஓரளவு பார்வை இருந்தது. மூவருக்கும் பார்வை போயிற்று. 2017-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. இஸ்ரேல் பையன் ஒருவனுக்கு, அரிய நரம்பு நோய்க்காக ஒன்பது வயதிலிருந்து மாஸ்கோவில் கருக்களின் மூளைச் செல்களைப் பலமுறை செலுத்தினார்கள். பதின்மூன்று வயதில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. எடுத்துச் சோதித்தால் அந்தக் கட்டி அவனுடைய செல்லே இல்லை, கொடுத்தவர்களுடையது. வளரக்கூடியது என்பதுதான் ஸ்டெம் செல்லின் பெருமை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பெருமையே கட்டியாகிறது. 2018-ல் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து தயாரித்து விற்ற ஊசியில் கிருமி கலந்து, அமெரிக்காவில் 12 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

தாளின் கடைசி வரியில் மூட்டுத் தேய்மானம் இருந்தது. தம்பியின் அம்மாவுக்கு அதுவும் வேண்டியிருந்தது. இதில் மட்டும் நிலவரம் கொஞ்சம் கலங்கல். கொடையாளியின் மஜ்ஜைச் செல்லை ஆய்வகத்தில் வளர்த்துத் தயாரித்த ஒரு மருந்துக்கு, முழங்கால் தேய்மானத்துக்காக 2022-ல் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆனால் 2023-ல் அமெரிக்காவில் 475 பேரை வைத்து மூன்று வகைச் செல் ஊசிகளைப் பழைய ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டபோது, ஒரு வருடம் கழித்து வலியில் எதுவும் எதையும் மிஞ்சவில்லை. இன்னொன்று: கையிலிருந்து இரத்தம் எடுத்துச் சுற்றிவிட்டு முட்டியில் போடுகிற பி.ஆர்.பி. ஊசியை ஸ்டெம் செல் என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். அது தட்டணு நிறைந்த திரவம், ஸ்டெம் செல்லே இல்லை. அம்மாவை எலும்பு மருத்துவரிடம் காட்டி, தொடை தசைக்குப் பயிற்சி சொல்லித்தரச் சொல்லுங்கள் என்றேன்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தன் கேள்வியை எடுத்தாள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி வாரம் இரண்டு தடவை போன் வருகிறதாம். மூத்தவனுக்குச் சேமிக்காமல் விட்ட குற்ற உணர்ச்சி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"அம்மிணி, நீ எதையும் உடல" என்று முதலில் சொன்னேன். தன் குழந்தைக்கே பிற்பாடு ஆகும் என்று பணம் கட்டிச் சேமிப்பதற்கு ஆராய்ச்சிக் கழகம் ஆதரவு தரவில்லை. தலசீமியா போலப் பிறவியில் வரும் நோய் என்றால் அந்தக் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே பிழை இருக்கும். அதே நூலை வைத்துத் திரும்ப ஓட்டினால் அதே பிசிறு. வீட்டில் மூத்த குழந்தைக்கு மஜ்ஜை மாற்ற வேண்டிய நோய் ஏற்கெனவே இருந்து, மருத்துவரே சேமிக்கச் சொன்னால் அது வேறு. யாருக்காவது பயன்பட வேண்டும் என்று தோன்றினால், சென்னையில் 2009-லிருந்து இயங்குகிற தாத்ரி பதிவேட்டில் நீங்கள் இருவருமே ஸ்டெம் செல் கொடையாளியாகப் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தறிகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் வந்திருப்பவர்களும் பதிந்தால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருத்தம் கிடைக்கிற வாய்ப்பு கூடும். தலசீமியாக் குழந்தைகளின் மஜ்ஜை மாற்றத்துக்குக் கோல் இந்தியா நிறுவனம் 2017-லிருந்து 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்றம் இருக்கிறது. நிஜமான சிகிச்சைக்குத் தறியை விற்கும் முன் கேட்க வேண்டிய இடங்கள் இவை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்தத் துறையை நம்புகிறவள்தான். வேலூரில் ஸ்டெம் செல் ஆய்வு மையமும் சி.எம்.சி.யும் சேர்ந்து, ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, இரத்தம் உறையவைக்கும் ஜீனை அதற்குள் ஏற்றித் திரும்பக் கொடுத்தார்கள். 22 முதல் 41 வயதுக்காரர்கள். சின்ன அடிக்கும் இரத்தம் நிற்காமல் தவித்தவர்கள். கண்காணித்த காலம் முழுக்க ஒருவருக்கும் இரத்தக்கசிவு இல்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2025-ல், ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து, முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு வைத்த ஆய்வு வெளிவந்தது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். அதே கட்டுரையில், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பதும், ஆய்வில் சேர்ந்த இருவர் இறந்ததும் எழுதியிருக்கிறது.

"அப்ப நாங்களும் ஆய்வுல சேரலாம்ங்களா?" என்றார் தம்பி.

சேரலாம், அப்படி ஒன்று நடந்தால். இந்தியாவில் மருத்துவப் பரிசோதனை எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிய வேண்டும். பதிவு எண் கொடுப்பார்கள், இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஸ்டெம் செல் ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. எண் இருந்தால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். ஃபுளோரிடாவில் கண் போனவர்களில் சிலரும் அரசுப் பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களிடம் கட்டணம் கேட்டபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் தாளைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். போன் நம்பர் இருந்தது, தவணை வசதி இருந்தது, பதிவு எண் என்று எதுவும் இல்லை. தம்பி அங்கேயே போனை எடுத்து அந்த நம்பருக்குப் பேசினார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்னங்க?... இல்லீங்க, அந்த நம்பர்தான் வேணும்... செரிங்க, ஆய்வுன்னா காசு வாங்கமாட்டாங்கன்னு சொல்றாங்களே... நேர்ல வந்தா மட்டும் நம்பர் வந்துருங்களா?"

போனை வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன் அடுக்கிய செருப்பு வரிசையில் அவருடைய ஒரு செருப்பு மட்டும் கோணியிருந்தது. பையன் வந்து அதை நேராக வைத்துவிட்டுப் போனான்.

"டீச்சர், திருப்பூர்ல பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள் போயிட்டிருந்தோம். வண்டிச் செலவு, தறி நிக்குதுன்னு ஒரு நாளாக் குறைச்சுட்டோமுங்க. மூணு நாளாக் கூட்டிப் போனா எடுப்பாங்களா?"

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி பற்றியும் விசாரிக்கச் சொன்னேன். அந்தப் பெண் தாளின் பின்பக்கத்தில், வெள்ளையாக இருந்த இடத்தில், திங்கள், புதன், வெள்ளி என்று எழுதிக்கொண்டாள்.